சிறிய ஓட்டைக்கு ஆசைப்பட்ட ஆனேக்கல் பயணம்

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு என் வீட்டுக்காரருக்கு நான்கு நாள் விடுமுறை கிடைத்தது. மைசூர் சர்க்காரில் என்ஜினீயர். வரைபடம் இல்லாத நேரத்தில் அவர் கையில் துப்பாக்கி இருக்கும். ஆனேக்கலுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் சிறுத்தை ஆடுகளைத் தூக்குகிறது என்று கேள்விப்பட்டதும் அனுமதி வாங்கிவிட்டார். நானும் வந்தே தீருவேன் என்றேன். அல்சூர் ஏரிக் காற்றைத் தவிர வேறு காற்று வாங்கி வெகு காலமாயிற்று.

வாடகைக் கார் நாளுக்குப் பத்து ரூபாய், பெட்ரோல் தனி. காலை ஆறரைக்குப் புறப்பட்டு, அடுகோடி வழியாக ஓசூர் ரோட்டைப் பிடித்தோம். ஹெப்பகோடி வரை சாலை நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு என் தலை கூரையில் இடிக்காத மைல் கிடையாது. ஒன்பது மணிக்கு ஆனேக்கலில் பயணிகள் தங்கும் முசாபரி பங்களாவில் இறங்கினோம். சமையற்காரர் உண்டு, அரிசி பருப்பை நாமே கொண்டுபோவது நல்லது.

வழி நெடுகத் தோட்டா பாடம்தான். யானைக்கும் காட்டெருமைக்கும் கெட்டித் தோட்டா வேண்டுமாம். தடித்த எலும்பைத் துளைத்து ஆழமாகப் போகும். புலிக்கும் சிறுத்தைக்கும் முனை மென்மையான ஈயத் தோட்டா. உடலுக்குள் விரிந்து வீழ்த்திவிடும். விலங்கு பக்கவாட்டில் நின்றால், முன்னங்காலின் நேர்மேலே, உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வைக்க வேண்டும். இவ்வளவும் சொன்ன மனிதர் சாயங்காலம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது என்னவோ கெட்டித் தோட்டா!

"ஏங்க, சிறுத்தைக்கு அது இல்லன்னுதானே சொன்னீங்க?"

"இதுன்னா சின்ன ஓட்டைதான் விழும். தோல் நம்ம ஹால்ல தொங்கணும் இல்லியா? ஈயம் பட்டா கிழிச்சுடும்."

படித்த மனிதரின் புத்தி இப்படியும் போகும். கிராமத்தில் ஆடுகளைப் பறிகொடுத்த முனியப்பா கட்டிவைத்த பரணில் என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். பொழுது சாயும்போது சிறுத்தை வந்தது. தோள் எலும்பு நொறுங்கினால் தோல் கெடும் என்று குறியையும் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டார். துணியில் ஊசி போவது போலத் தோட்டா ஊடுருவிப் போயிற்று. சிறுத்தை ஓடிப்போய்ப் புதருக்குள் மறைந்தது.

மறுநாள் காலை நானும் கிராமத்துக்குப் போனேன். இலைகளில் இரத்தத்தோடு குடல் அழுக்கும் ஒட்டியிருந்தது. "வயித்துல பட்டிருக்கு," என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். வலியோடு கிடக்கும் சிறுத்தை கிட்டே வருகிற யாரையும் விடாது. அந்த உண்ணிச்செடிப் புதரை ஒட்டித்தான் ஊரார் குட்டைக்குப் போகும் வழி.

முனியப்பா மரியாதையாகச் சொன்னார்: "நீங்க பெங்களூருக்குப் போங்க சாமி. நாய்ங்கள விட்டு நாங்களே நோடிக்கிறோம்."

அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றதும் என் மனசு துள்ளியது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். "சரி, போகலாம்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் போதும் என்று கர்த்தரை வேண்டினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பினேன். அங்கே பெண்கள் ஏழெட்டுப் பேர் காலிக் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

காருக்குப் போய், பெட்டியைத் திறந்து, ஈயத் தோட்டாக்களை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

முனியப்பா பின்னால் வர, அவர் புதருக்குள் போனார். வெகு நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு உறுமல், கூடவே ஒரு வெடி. அடுத்த வெடி கேட்கவில்லை. ஜெபம் கூட மறந்துபோய் நின்றேன்.

இருவரும் நடந்தே வந்தார்கள். எட்டடி தூரத்தில் சிறுத்தை குறுக்கே பாய்ந்ததாம். இந்த முறை தோளிலேயே சுட்டு, அதே இடத்தில் சாய்த்திருந்தார். மறுபக்கம் என் கை நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. "தோலு ஹாளாய்ப்போச்சேம்மா," என்று தோல் பாழானதற்கு முனியப்பா வருத்தப்பட்டார். பெண்கள் அதற்குள் குட்டைக்கு நடந்துவிட்டார்கள்.

வேட்டைக்குப் போக நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பாதை காய்ந்திருக்கும் மாதத்தில் போங்கள். தோட்டாவை விலங்கைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், வீட்டுச் சுவரைப் பார்த்து அல்ல. தோள் தெரியாவிட்டால் சுடாமல் இறங்கி வாருங்கள். காயப்படுத்திவிட்டால், ஊர் திரும்பும் நேரத்தை மறந்துவிடுங்கள்.

கன்டோன்மென்ட்டில் தோல் பதனிடுகிறவர் அதை விரித்துப் பார்த்து, பெரிய கிழிசலை வெளியே தெரியாமல் ஒட்டித் தருவதாகச் சொன்னார்.

"பெரிசு அப்படியே இருக்கட்டும்," என்றார் என் வீட்டுக்காரர். "அந்தச் சின்ன ஓட்டையத் தைச்சுடுங்க. அதப் பாக்கத்தான் எனக்கு வெக்கமா இருக்கு."