‘இல்லீங்க’ என்று அவள் சொன்ன பிறகு

போன வாரம் பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. அதைப் பற்றியே ஒரு பத்தி எழுதலாம்... அவ்வளவு அபூர்வம்.

எனக்கு முன்னால் இரண்டு காலேஜ் பெண்கள். ஃபுட்போர்டில் ஒரு இளைஞன். உள்ளே தாராளமாக இடம் இருக்கிறது. ஆனாலும் ஒற்றைக் கையில் தொங்குகிறான். பஸ் வளைந்து திரும்பும்போது செருப்பை ரோட்டில் தேய்க்கிறான். கண்டக்டர் திட்டினார். தலையைக் கோதிக்கொண்டு சிரித்தான். விசிலடித்தான். கண் மட்டும் அந்தப் பெண்கள் மேலேயே.

அந்தப் பெண்கள் என்ன பேசிக்கொண்டு வந்தார்கள் தெரியுமா? கேன்டீன் சமோசா ஏன் இவ்வளவு சின்னதாகிவிட்டது என்று. அவன் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அவன் இறங்கும்போது முகத்தைப் பார்த்தேன். கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் உயிரை விடப் பார்க்கிறானே... இவனை மாதிரி ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் சேகர்.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி. சேகர் அங்கே லேத் ஆபரேட்டர். வேலையில் கெட்டிக்காரன். மெஷின் முன்னால் நின்றால் கை நடுங்காது. கலைவாணி முன்னால் நின்றால் உடம்பே நடுங்கும்.

கலைவாணி பேக்கிங் செக்‌ஷன். அவளும், அவளுடைய சிநேகிதி வசந்தாவும், நானும் ஒரே மின்சார ரயிலில்தான் போவோம் வருவோம். நான் ஆவடியில் ஏறுவேன். அவர்கள் இரண்டு பேரும் வேப்பம்பட்டிலேயே ஏறி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார்கள்.

சேகருக்கு மெஷின் ஷாப்பில் ஒரு ஆலோசகர் இருந்தார். மணி என்று பெயர். காதல் விஷயத்தில் தான் பெரிய ஆள் என்று மணியே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொன்னதில்லை. ‘பொண்ணுங்களுக்கு ஸ்டைல்தான் மாமே முக்கியம்’ என்பது அவர் உபதேசம்.

அதன்படி சேகர் கூலிங்கிளாஸ் வாங்கினான். யாரிடமோ பைக் இரவல் வாங்கிக்கொண்டு அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் சாய்ந்து நின்றான். ரயில் வரும் சத்தம் கேட்டதும் பைக்கை அங்கேயே போட்டுவிட்டு எங்கள் பின்னாலேயே ஏறினான். அவன் வீடு திருமுல்லைவாயில். அங்கே இறங்காமல் வேப்பம்பட்டு வரைக்கும் போய்விட்டு, அடுத்த வண்டியில் திரும்பி வருவான். இத்தனைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே வருவான்.

அவன் கணக்கில் அது காதல். கலைவாணி கணக்கில்?

ஒருநாள் காலை ரயிலில் அவள் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். “அக்கா, அந்த ஆளு நேத்து எங்க ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டாரு. எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னை வேலைக்கே அனுப்ப மாட்டாங்க.”

மிகைப்படுத்தவில்லை அவள். அதே பேக்கிங் செக்‌ஷனில் ராணி என்று ஒரு பெண் இருந்தாள். எவனோ ஒருவன் தெரு முனை வரை பின்னாலேயே போனான். பார்த்தவர்கள் வீட்டில் சொன்னார்கள். மறுநாளிலிருந்து ராணி வரவில்லை. அவன் வழக்கம்போல வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான்.

ஒருவன் ஸ்டைலாக நின்றதற்கு ஒரு பெண்ணின் சம்பளம் போகும். இதை எந்த மணியும் எந்த சேகருக்கும் சொல்லித் தருவதில்லை.

நான் சூப்பர்வைசரிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வசந்தா யோசிக்கவில்லை. மதியம் கேன்டீன் கைகழுவும் இடத்தில் நேரே சேகரிடம் போய் நின்றாள்.

“ஏங்க, டெய்லி பின்னாடியே வரீங்களே, எதுனா சொல்லணுமா? சொல்லணும்னா சொல்லுங்க. இல்லன்னா வராதீங்க. அவ பயப்படறா.”

சேகர் ஈரக் கையோடு அப்படியே நின்றான்.

“பயமா? என்னைப் பாத்தா?”

“பின்ன? கறுப்புக் கண்ணாடியப் போட்டுகினு, வாயத் தொறக்காம, வேப்பம்பட்டு வரைக்கும் ஒருத்தர் வந்தா... பயம் வராம இன்னா வரும்?”

சேகர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். பிறகு என்னிடம் ஒருமுறை சொன்னான். “அக்கா, நான்தான் அவங்களைப் பாத்து பயந்துகினு இருந்தேன். அவங்களும் பயப்படுவாங்கன்னு தோணவே இல்ல.”

மறுநாளிலிருந்து சேகர் எங்கள் பெட்டியில் இல்லை. கடைசிப் பெட்டியில் ஏறி, திருமுல்லைவாயிலில் இறங்கிப் போனான். கூலிங்கிளாஸைக் காணோம். மணிக்கு வருத்தம்தான்.

அதற்குப் பிறகு, மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஒரு சாயங்காலம். சேகர் ஆவடியில் யாரையோ பார்க்க அதே ரயிலில் வந்திருக்கிறான். அண்ணனூர் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. மேலே மின்சாரக் கம்பியில் ஏதோ கோளாறு. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஆட்கள் ஒவ்வொருவராகக் குதித்து, தண்டவாளத்தை ஒட்டி ஆவடியை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே நாங்களும் இறங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பிளாட்பாரம் இல்லாத இடத்தில் மின்சார ரயிலிலிருந்து புடவையோடு இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டாம். நான் தடுமாறுவதைப் பார்த்துக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. “அக்கா, பையக் குடுங்க. ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சுகினு இறங்குங்க.” சேகர். சட்டையெல்லாம் கிரீஸ் கறை. வேலை முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்திருந்தான்.

கலைவாணியும் வசந்தாவும் தாங்களே இறங்கினார்கள். அவன் கை நீட்டவில்லை. தள்ளி நின்றான். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, “நான் முன்னாடி போவட்டுமா, இல்ல கூட வரலாமா?” என்று கேட்டான். என்னைக் கேட்கவில்லை. கலைவாணியைப் பார்த்துக் கேட்டான்.

“ரோடு பொதுதானே... வாங்க” என்றாள் அவள்.

அது ரோடும் இல்லை. ஜல்லி. காலை வைத்தால் சறுக்குகிறது. கொஞ்ச தூரம் போனதும் அவன் பேசினான். நிதானமாக, லேத்தில் அளவு சொல்கிற மாதிரி.

“ஒரு விஷயம் கேக்கணும். கேட்டுட்டு விட்டுடறேன். எனக்கு உங்களைப் பிடிச்சுகீது. உங்களுக்கும் இஷ்டம்னா எங்க ஊட்லருந்து வந்து பேசச் சொல்றேன். இல்லன்னா இல்ல. எதுவா இருந்தாலும் பயப்படாம சொல்லுங்க.”

கலைவாணி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி தளர்ந்தது எனக்குத் தெரிந்தது.

“இல்லீங்க. எனக்கு அப்படி எண்ணம் இல்ல.”

அடுத்து என்ன நடக்கும் என்று நான் காத்திருந்தேன். ஏன் என்று கேட்பான். யோசித்துச் சொல்லுங்கள் என்பான். குரல் உயரும், இல்லையென்றால் அழுகை வரும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

“சரிங்க” என்றான்.

பத்தடி நடந்திருப்போம். “நாளைக்கு கேன்டீன்ல பாத்தா ஒரு வணக்கம் சொல்லலாமா? இல்ல, அதுவும் வேணாமா?”

கலைவாணி சிரித்துவிட்டாள். அவன் எதிரில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. “சொல்லுங்க. வணக்கம் சொன்னா இன்னா குறைஞ்சிடப் போவுது?”

ஆவடி ஸ்டேஷன் வந்ததும் அவன் அவன் வழியில் போய்விட்டான். எங்களுக்கு ஆளாளுக்கு ஒரு சோடா வேண்டியிருந்தது.

அவனுக்கு வலிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாரம் முழுக்க மதியம் தனியாகச் சாப்பிட்டான். கேட்காமலே ஓவர்டைம் எடுத்துக்கொண்டான். ஆனால் கலைவாணி எதிரில் வந்தால் வணக்கம் சொன்னான், சொன்னபடி. மணி விடவில்லை. “அவளுக்குத் திமிரு மாமே. நாலு பேர்கிட்ட எதுனா சொல்லி விடு, தானா வழிக்கு வருவா” என்று கிளப்பிப் பார்த்தார். எங்கள் அக்கவுன்ட்ஸ் ரூம் ஜன்னலுக்கு வெளியேதான் இந்தப் பேச்சு.

“கேட்டேன். இல்லன்னாங்க. அவ்ளோதான். இதுல கோவப்பட இன்னா கீது? நீ அவங்களைப் பத்தி வெளிய எதுனா பேசினேன்னு தெரிஞ்சுது, அப்புறம் நம்ம சிநேகிதம் இருக்காது” என்றான் சேகர்.

ஜன்னலுக்கு உள்ளே நான் மட்டும் இல்லை. சம்பள விஷயமாக ஏதோ கேட்க வந்த வசந்தாவும் நின்றுகொண்டிருந்தாள். கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் ஒரு மாற்றம். சேகர் எல்லாப் பெண்களிடமும் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தான். வெயில், பஸ் ஸ்ட்ரைக், குழம்பில் உப்பு... எது கிடைத்தாலும். அசடு வழியவில்லை, வசனம் பேசவில்லை. எது நடந்துவிடுமோ என்று இத்தனை நாள் நடுங்கினானோ அது நடந்து முடிந்துவிட்டது. மறுநாளும் அவனுக்குப் பசித்தது, லேத் சுற்றியது. இனி எதற்கு நடுக்கம்?

அடுத்த வருஷம் வெயில் காலத்தில், வசந்தா அவனிடம் போய்க் கேட்டாள். ஆம், வசந்தாதான் கேட்டாள். அதே கைகழுவும் இடம்.

“என்னைக் கட்டிக்க உங்களுக்கு இஷ்டமா? இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நாளைக்கும் நான் வணக்கம் சொல்வேன்.”

சேகருக்குப் பழைய நடுக்கம் திரும்ப வந்துவிட்டதாம். “யோசிச்சு சொல்லட்டா?” என்றிருக்கிறான். “தாராளமா” என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். “கேட்டுட்டேன்க்கா” என்றாள். டம்ளர் தண்ணீரைப் பாதிக்கு மேல் புடவையில் கொட்டிக்கொண்டாள். தைரியம் வெளியே தெரிகிற அளவுக்கு உள்ளே இருப்பதில்லை.

அந்த வாரக் கடைசியில் அவன் சரி என்றான்.

கதை இங்கே முடிந்திருந்தால் சுலபம். வசந்தா குடும்பம் வேப்பம்பட்டில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்தவர்கள். சேகரின் அப்பா அந்தப் பக்கத்து நிலங்களில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வசந்தா முதலில் வீட்டில் தானே சொன்னாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகர் தன் அக்கா புருஷனைக் கூட்டிக்கொண்டு போனான். வசந்தாவின் அப்பா வாசலிலேயே மறித்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. “உங்கப்பன் யாருன்னு எனக்குத் தெரியும். கிளம்பு” என்றார்.

சேகர் கிளம்பவில்லை. வாசலில் இருந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். “திட்டணும்னா திட்டுங்க. கேட்டுக்கறேன். பேசிட்டுத்தான் போவேன்” என்றானாம். அவர் திட்டினார். அக்கம்பக்கம் கூடியது. அவன் குரலை உயர்த்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. வசந்தாவின் அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்த பிறகு, குடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

பிறகு சேகரே இதை என்னிடம் வந்து சொன்னான். அடி விழுந்திருந்தால்? “கலைவாணி இல்லன்னதும் சரின்னு போனியே, இங்க ஏன்டா உக்காந்தே?” என்றேன்.

“அக்கா, அது அவங்க வாழ்க்கை. அவங்க இல்லன்னா நான் எழுந்துக்கணும். இது வசந்தா வாழ்க்கை. வசந்தா சரின்னுட்டாங்க. அவங்கப்பா இல்லன்றதுக்கு நான் இன்னாத்துக்கு எழுந்துக்கணும்?”

யாருடைய ‘இல்லை’க்கு எழுந்திருக்க வேண்டும், யாருடைய ‘இல்லை’க்கு உட்கார வேண்டும்... இது தெரியாமல் எத்தனை பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். வசந்தாவின் அம்மா வந்தார். அப்பா வரவில்லை. சாட்சிக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது. திருமுல்லைவாயிலில் ஒரு சின்ன போர்ஷனில் குடியேறினார்கள். பெண் குழந்தை பிறந்து, அது நடக்க ஆரம்பித்த பிறகு வசந்தாவின் அப்பா ஒருநாள் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்தார். போகும்போது சேகரிடம், “ஷிஃப்ட் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். சேகர் சொன்னான். அவ்வளவுதான் பேச்சு. இப்போதைக்கு அது போதும் என்கிறாள் வசந்தா.

இதை எழுதலாமா என்று வசந்தாவையும் சேகரையும் கேட்டேன். சரி என்றார்கள். கலைவாணியையும் கேட்க வேண்டும் இல்லையா? அவளுக்கும் வீட்டில் பார்த்த இடத்தில் கல்யாணமாகி, அம்பத்தூரிலேயே இருக்கிறாள். இன்னும் வேலைக்குப் போகிறாள். அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். எழுதுங்கள் என்றாள். பேச்சோடு பேச்சாக, சேகரை வேண்டாம் என்றதற்கு என்றாவது வருத்தப்பட்டது உண்டா என்றும் கேட்டுவைத்தேன்.

“ஒருநாளும் இல்லக்கா” என்றாள் பட்டென்று. பிறகு, “ஆனா என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை தேடறேன். அந்த மாதிரி ஒரு ஆளாத்தான் தேடறேன்” என்றாள்.

தேடட்டும்... மணிகள்தான் நிறையக் கிடைப்பார்கள்.