மற்ற வளவுத் தென்னம்பிள்ளை

எங்கள் ஊரில் ஆண்களுக்கு வளவு கிடையாது. வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை உடுத்த துணியோடு வந்து ஏறிக்கொள்பவர். வந்த வளவில் வேலியடைத்துத் தென்னை வைத்துவிட்டால், அவரும் அங்கே வேர்விட்டார் என்று ஊர் நம்பும். வாப்பாவும் உம்மாவின் வளவில் அப்படித்தான் தென்னை வைத்தார். பிறகு சாகாமக் குளத்துப் பக்கம் குத்தகைக்கு வயல் எடுத்து, அங்கே தங்க ஒரு வாடிக் குடிசையும் போட்டார். வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தவர், மாதத்துக்கு ஒருதரம் வரத் தொடங்கினார். கேட்டால், வயலில் தண்ணீர்ப் பிரச்சினை என்பார். அந்தத் தண்ணீர்ப் பிரச்சினையை உம்மா அப்படியே நம்பினாள்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஆறு வயதிருக்கும். ஒருநாள் காலையில் வாப்பா சைக்கிளில் இரண்டு தென்னம்பிள்ளைகளோடு வந்தார். அடுத்த வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்கு இடிக்க உம்மா போயிருந்தாள்.

"வா மகள், நீயும் நானும் மரம் வைப்பம்" என்றார்.

வாப்பா என்னோடு அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல்தரம். அவர் கிடங்கு வெட்ட, நான் தேங்காய் மட்டைகளைப் பொறுக்கிவந்து குழியின் அடியில் அடுக்கினேன். அதன்மேல் அடுப்புச் சாம்பல். பிறகு உப்பு. கரையோர மணலில் உப்பில்லாமல் யாரும் தென்னை வைப்பதில்லை.

"அள்ளிப் போடு. கஞ்சத்தனம் பாராத. பிஸ்மி சொல்லிட்டு மண்ணத் தள்ளு."

நான் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். அவர் தென்னம்பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, சுற்றிச்சுற்றி மண்ணை மிதித்தேன். மற்றதை அவர் ஈரச்சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் பதமாகக் கட்டினார்.

"அது ஆருக்கு வாப்பா?"

"அது மத்த வளவுக்கு மகள்."

சின்னப்பிள்ளைக்கு என்ன விளங்கும் என்ற துணிச்சல்! உம்மா வருமுன்னமே அவர் போய்விட்டார்.

உம்மா வந்ததும் நான்தான் பீற்றிக்கொண்டேன், நானும் வாப்பாவும் மரம் வைத்தோம் என்று. இரண்டு தென்னம்பிள்ளை கொண்டுவந்தார் என்றதும் உம்மாவின் முகம் மாறியது.

"மத்தத எங்க கொண்டு போனார்? மாமிட வளவுக்கா?"

"இல்ல உம்மா. குளத்து ரோட்டால போனார்."

"வயல் வாடிக்கெண்டு சொன்னாரா? நல்லா யோசிச்சுச் சொல்லு புள்ள."

"இல்ல, மத்த வளவுக்கெண்டுதான் சொன்னார்."

சொன்னதைச் சொன்னபடி ஒப்புவித்ததில் எனக்குப் பெருமை. உம்மா புதுமண்ணின் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டாள். பெண்சாதியின் வளவைத் தவிர ஓர் ஆணுக்கு வேறு வளவு ஏது? அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று பகல் சோறு வடித்த கஞ்சியை ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்து தென்னம்பிள்ளையின் குருத்தில் ஊற்றினாள். ஆட்டுக்கு வைக்கிற கஞ்சி இதற்கும் நல்லதாக்கும் என்று நினைத்தேன்.

"கஞ்சி குடிச்சா கெதியா வளருமா உம்மா?"

"வளரும், வளரும்."

அடுத்த நாளும் ஊற்றினாள். அதற்கடுத்த நாள் நானும் பானையின் ஒரு பக்கத்தைப் பழந்துணியால் பிடித்துக்கொண்டேன். குருத்து கறுத்துச் சரிந்தபோது விழுந்து புரண்டு அழுதேன்.

"நான் உப்பக் கூட்டிப் போட்டுட்டனா உம்மா?"

உம்மா என்னைத் தூக்கி நிறுத்தி மண்ணைத் தட்டிவிட்டாள்.

"ஓம். கூடித்தான் போச்சு" என்றாள்.

மாமாமார் குளத்துப் பக்கம் போய் வந்தார்கள். அங்கே வாப்பாவுக்கு இன்னொரு வீடும், முற்றத்தில் தளிர்விட்ட ஒரு தென்னம்பிள்ளையும் இருந்தனவாம். அதையெல்லாம் எனக்குச் சொன்னது வெகுகாலம் கழித்துத்தான். உம்மாவை நான் என்றோ மன்னித்துவிட்டேன். அந்தக் கஞ்சியில் கொஞ்சம் வாப்பாவின் தலையிலும் ஊற்றியிருக்கலாம். அவர் மேல்தான் எனக்கு வயிறு இன்னும் எரிகிறது. தன் கள்ளத்தனத்துக்குப் பெற்ற பிள்ளையையே மண் மிதிக்க வைத்த மனிதர்!

அந்த வருஷம் முழுக்க, சைக்கிள் மணி கேட்டால் வேலியோரம் ஓடுவேன். மரம் பட்டுப்போன கோபத்தில்தான் அவர் வராமல் இருக்கிறார் என்று எனக்குள் ஒரே முடிவு. வந்ததும் சொல்வதற்கு ஒரு சொல்லைப் பாடமாக்கி வைத்திருந்தேன்: "இந்தமுற உப்பக் குறைச்சுப் போடுறன் வாப்பா."