துணிக் கம்பின் நுனியில்

எனக்குக் கோபம் வந்தால் வாய் வறண்டுவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போன தீபாவளியன்று ஒரு பறவையின் உயிர் என் நாக்கை நம்பி இருந்ததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பில் போடுகிறேன். பறவை எங்கள் முதலாளியுடையது. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. காக்கட்டீல் என்பார்கள், சின்னக் கிளி வகை. சங்கிலி வெட்டும் மெஷினுக்கு நேர் மேலே அதன் கூண்டை மாட்டிவைத்திருந்தார். மெஷின் ஓடும்போதெல்லாம் கம்பியில் மோதி மோதிக் கத்தும். கூண்டைக் கழுவ வேண்டுமென்றால் எண்ணெய் துடைக்கிற துணியை அதன்மேல் போட்டு அமுக்கிப் பிடிப்பார்கள். ஒருநாள் சத்தம் தாங்கவில்லை, யாருக்காவது கொடுத்துவிடு என்றார் முதலாளி. மெஷினைச் சொல்லவில்லை, பறவையைத்தான் சொன்னார். வந்த ஆத்திரத்தில் கூண்டோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆத்திரத்தில் தூக்கி வருவது சுலபம். நான் ஹாலுக்குள் நுழைந்தாலே அதன் கொண்டை ஊசி மாதிரி நிமிர்ந்துகொள்ளும். கொண்டை நிமிர்ந்தால் பயம், தளர்ந்து பின்னால் சாய்ந்தால் நிம்மதி. எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். லிஃப்ட் கதவு மெதுவாக மூடினாலே திட்டுகிறவள். ஆனாலும் எதிர்ச்சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டு, அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்பேன். கொண்டை இறங்கினால் அடுத்த நாள் நாற்காலி ஓர் அடி முன்னால் போகும். ஏறினால் ஓர் அடி பின்னால்.

கூண்டை எட்டவே இரண்டு மாதம் ஆனது. பிறகு தினை. தேக்கா சந்தையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் வாங்கிப் போகிற அதே தினைதான், இதற்குக் கதிரோடு கிடைக்கும். இறைச்சி கோத்துச் சுடுகிற சத்தே குச்சி ஒன்றின் கூர்முனையை ஒடித்துவிட்டு நீட்டுவேன். அலகால் அதைத் தொட்டால் நாக்கைத் தட்டி ‘டொக்’ என்பேன். செய்தது சரி, கூலி வருகிறது என்று அதற்கு அர்த்தம். உடனே தினை. குச்சி போகிற இடமெல்லாம் பின்னால் வரப் பழகியது. வீட்டில் எந்தத் துணியையும் அதன் கண்ணில் படவிடவில்லை. எட்டாவது மாதம், அதுவாகவே வந்து என் விரலில் உட்கார்ந்தது. அன்று நான் அழுதேன்.

என் அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா போனபின் என்னை வளர்த்தது அவர்தான். ரோத்தான் பிரம்பால் வளர்த்தார். செக் த்ரீயில், பதினைந்து வயதில், கணக்கில் ஃபெயிலான அன்று முழங்காலுக்குக் கீழே விழுந்த பிரம்படியின் தடம் பள்ளிப் பாவாடைக்குக் கீழே எல்லோருக்கும் தெரிந்தது. மறுநாள் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் எம்ஆர்டி ரயில் ஏறி மேற்குக் கோடி ஜூரோங்வரை போனேன். அங்கே இறங்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அண்ணன் அதைச் சொல்லிச் சிரிப்பார். ரோத்தான் பயம்தான் இவளைத் திருப்பிக் கொண்டுவந்தது என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

தீபாவளியன்று அண்ணன் தனியாக வந்தார். கூண்டைப் பார்த்ததும் சீட்டு எடுக்குமா என்று கேட்டார். இது ஜோசியக் கிளி இல்லை, கையை மட்டும் உள்ளே விடாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். காபியைக் கலந்து முடிக்கும்போது ஹாலிலிருந்து பறவையின் அலறல் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசைக்காக நான் அன்று எடுத்துவைத்திருந்த துணி அண்ணன் கையில். அதற்குள் பறவை. கையில் பிடித்தால்தான் பழகும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது கடித்தது. உதறினார். அது என் தலைக்கு மேலே பறந்து, சமையலறை ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது.

எங்களுடையது பழைய அடுக்குமாடி புளோக், ஒன்பதாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் போய் உட்கார்ந்திருந்தது. கொண்டை நிமிர்ந்து, நெஞ்சு அடித்துக்கொள்வது இங்கிருந்தே தெரிந்தது. இன்னொரு தடவை பயந்தால் பறந்துவிடும். பறந்தால் கீழே காரும் காக்கையும்தான். அண்ணன் கம்பை உள்ளே இழுக்க வந்தார். ஹாலுக்குப் போங்கள் என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, போய்விட்டார்.

சத்தே குச்சியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். அண்ணன் மேலிருந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒரு சொல் கத்தினால் எட்டு மாதமும் போய்விடும். பறவை என்னைப் பார்த்தது. கம்பில் பக்கவாட்டில் ஓர் அடி எடுத்துவைத்தது. இப்போது நான் ‘டொக்’ சொல்ல வேண்டும். நாக்கு அசையவில்லை. பக்கத்தில் இருந்த காபியை எடுத்து ஒரு வாய் குடித்தேன், சுட்டது. டொக். அது இன்னோர் அடி வைத்தது. டொக். காய்ந்துகொண்டிருந்த என் யூனிஃபார்ம் சட்டைக்கு முன்னால் நின்றுவிட்டது. துணி ஆயிற்றே. குச்சியைச் சட்டைக்கு மேலே பிடித்தேன். வெகுநேரம் நின்றது. பிறகு சட்டையை ஒரே தாவில் தாண்டி வந்து குச்சியை அலகால் தொட்டது. விரலை நீட்டினேன், ஏறிக்கொண்டது. எடுத்துவைத்திருந்த தினைக் கதிர் முழுவதையும் கொடுத்துவிட்டு, மற்றக் கையால் ஜன்னலைச் சாத்தினேன்.

ஹாலுக்கு வந்தபோது அண்ணன் கூண்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொண்டை மறுபடி நிமிர்ந்தது. அவர் சிரித்தார்.

“பாத்தியா, பயம் இருந்தா எங்கயும் போவாது லா. உன்னை மாதிரிதான்.”

வாய் வறளவில்லை. அன்று முதல்முறையாக வறளவில்லை.

“இது பயத்துல வரலண்ணே. சாப்பாடு குடுப்பேன், அடிக்க மாட்டேன்னு தெரிஞ்சு வந்துச்சு. நானும் அன்னிக்குப் பயத்துல வரல. போறதுக்கு வேற வீடு இல்லாம வந்தேன்.”

அந்தத் துணி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

“அதைக் கீழ வைங்க,” என்றேன்.

வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என் விரலில் இருந்த பறவையின் கொண்டை மெல்ல இறங்கியது.