நான் பூசி மறைத்த வெடிப்பு

நமுனுகுலப் பக்கத்தில் என்னைப் போல வீடு கட்டிய இன்னொருவனைக் காட்டுங்கள், பார்ப்போம். படித்தது மூன்றாம் வகுப்பு. முதலில் தேயிலை மலையில் கான் வெட்டினேன். மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் வடிய வேண்டுமே, அதற்கான கான். என் கானில் மட்டம் தப்பியதென்று எந்தத் துரையும் சொன்னதில்லை. பிறகு மேசன் வேலை. பிறகு பதுளையில் சொந்தமாக ஹாட்வெயார் கடை. தோட்டத்துச் சனம் வரிசை அறைகளில் இருக்கும் லயத்துக்கு மேலே மேட்டில் ஐந்து அறை வீடு, கல் ஒவ்வொன்றும் என் கை வைத்தது. முன்வாசலில் நின்றால் பனி இறங்கி லயத்துக் கூரைகளை ஒவ்வொன்றாக மூடுவது தெரியும். அதைப் பார்த்துப் பிளேன்டி குடிக்காமல் நான் கடைக்குப் போனதே இல்லை. இப்போதும் விடிந்ததும் கண் அதைத்தான் தேடுகிறது.

பின்சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. கிறிஸ்மஸுக்குப் பெயின்ட் அடிக்கும்போது சீமெந்து வைத்து அடைப்பேன். அடுத்த கிறிஸ்மஸுக்குள் திறந்துவிடும். மறுபடி அடைப்பேன். ஆள் வரும் வீட்டில் குறையை வெளியே காட்டுவது எங்கள் சனத்தில் வழக்கமில்லை.

மண்சரிவு ஆபத்து எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று பார்க்க அதிகாரி வரப்போவதாகச் சொன்னார்கள். மனைவி பரபரத்தாள்.

"கவுர்மென்ட் ஆளு வர்றப்போ சுவரு இப்புடியா இருக்கும்? பூசி விடுங்க."

பூசினேன். பெயின்டும் அடித்தேன்.

வந்தது யாழ்ப்பாணத்துப் பெண், என் கடைசி மகள் வயது. சாய்ந்த மரங்களைப் பார்த்தாள், ஊற்று எங்கே என்று கேட்டாள், வீட்டை இரண்டு முறை சுற்றினாள்.

"நல்லாக் கட்டியிருக்கிறியள் ஐயா. ஒரு வெடிப்புக்கூட இல்லை."

"மேசன் கட்டின வீடும்மா. சும்மாவா?"

"அப்ப நிலம் அசையேல்லை. மேல உங்கட வீடு இப்பிடி நிக்குதெண்டா, கீழ லயத்துச் சனத்தையும் இப்ப இடத்தை விட்டு எழுப்பத் தேவையில்லை எண்டு எழுதலாம்."

எழுதத் தொடங்கினாள். மனைவி தேத்தண்ணீர்க் கோப்பையோடு என்னையே பார்த்தாள். கீழே லயத்தில் யாரோ பிள்ளையைக் குளிக்க வரச்சொல்லித் திட்டுவது கேட்டது.

"சொல்லிருங்க," என்றாள் மனைவி.

உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து பின்சுவரில் ஓங்கி அடித்தேன்.

"ஐயோ, என்ன செய்யிறியள்!"

புதுப்பூச்சு உதிர்ந்தது. அதற்குள் பழைய பூச்சுகள், ஒன்றின்மேல் ஒன்றாக நீலம், ரோஸ், மஞ்சள். அந்தப் பெண் முட்டி போட்டு ஒவ்வொன்றிலும் வெடிப்பு எவ்வளவு அகலம் என்று அளந்தாள்.

"இதுகள் எந்தெந்த வருஷம் அடிச்சது?"

மனைவிக்கு எல்லாம் மனப்பாடம். "நீலம் மூத்தவ கல்யாணம் நடந்த வருசம். ரோஸ் பேரனுக்கு ஞானஸ்நானம் குடுத்த வருசம்." அவள் சொல்லச் சொல்ல, வெடிப்பு வருஷத்துக்கு வருஷம் அகன்றது காகிதத்தில் ஏறியது.

"முதலே காட்டியிருக்கலாமே, ஐயா?"

"வீடு தேடி வந்தவங்களுக்கு ஓட்டைச் சுவரையாம்மா காட்டுறது?"

சிரித்தாள். எழுதி முடித்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அடைமழைக்கு முன்பே லயத்துச் சனத்தோடு நாங்களும் இறங்கினோம். இப்போது பதுளைக்குப் பக்கத்தில், சமதரையில், எல்லாருக்கும் ஒரே மாதிரி வீடு. யாரோ கட்டியது. மூலைமட்டம் பார்க்கத் தெரியாதவன்.

"மலை இன்னும் அப்புடியே நிக்குதாமே ஐயா!" என்று லயத்துக்காரி ஒருத்தி என்னைக் கண்டால் விடமாட்டாள். "ஒத்த சுத்தியல்ல எங்க எல்லாரையும் கெளப்பிட்டீங்களே!"

"நிக்கட்டும் ஆத்தா, நிக்கட்டும்," என்பேன்.

மழை பெய்தால் மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். நமுனுகுலப் பக்கத்திலிருந்து வரும் பஸ் கண்டக்டருக்கு என்னைத் தெரியும். நான் கேட்கும் முன்பே, "மேட்டுல உங்க வீடு தெரியுது ஐயா," என்பான். அதன் பிறகுதான் கடை திறப்பேன். நேற்று பஸ்ஸில் கூட்டம், ஜன்னல் பக்கம் பார்க்க முடியவில்லை என்றான். அடுத்த பஸ் வரும்வரை நின்றேன்.