பஸ் வரவில்லை

தன்னாமுனைப் பெண்களுக்கு வதனி தைத்தால்தான் ரவிக்கை உடம்பில் ஒட்டும். அளவெடுக்கையில் கூச்சமில்லாமல் கை தூக்கி நிற்பார்கள். அதே பெண்கள் பஸ்ஸில் அவள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். இது என்ன நியாயமோ! ஆணாய்ப் பிறந்ததை ஊர் மறக்கவில்லை. பின்னால் போய் நின்றாலோ ஆண்களின் கை சும்மா இராது. அதனால் நெரிசல் பஸ்களையெல்லாம் போகவிட்டு, காலியாய் ஒன்று வரும்வரை வீதியோரம் நிற்பாள்.

தாய் இரத்தினம்மா நெஞ்சு வருத்தத்தோடு டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வதனி ஊட்டினால்தான் வாய் திறப்பாள். "மகள்" என்று கூப்பிட அந்த மனுசிக்கு எத்தனையோ வருடம் பிடித்தது; கூப்பிடத் தொடங்கிய பிறகு மாறவேயில்லை.

"ஏன் மகள் பிந்திட்டாய்?"

"பஸ் வரல்லம்மா."

உண்மையைச் சொல்லித் தாயை நோகடிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

முன்பு பஸ் சேவையைத் திருத்துவதற்கென்று ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பெண்கள் ஒரு வட்டம், ஆண்கள் ஒரு வட்டமாக இருந்து குறை சொல்ல வேண்டுமாம். பெண்கள் வட்டத்தில் ஒருத்தியும் வதனிக்குத் தள்ளி இடம் விடவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மாரி தொடங்கியதும் பெண்களுக்கென்றே ஒரு பஸ் ஓடியது. வதனிக்குச் சந்தோசம் தாளவில்லை.

"நாளைக்குப் பொம்பிளைகள்ர பஸ்ஸில வாறன் அம்மா. பிந்த மாட்டன்."

மறுநாள் கொட்டும் மழையில் இடியப்பமும் மீன் சொதியுமாய் ஏறினாள். பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. பஸ் ஊறணியில் நின்றதும் கண்டக்டர் பக்கத்தில் வந்தான்.

"தம்பி, இறங்குங்க. இது பொம்பிளைகளுக்கு விட்ட பஸ்."

"அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போறன் அண்ணன்."

"எனக்கேன் வம்பு? இறங்குங்க."

முன் இருக்கையில் கஜானி இருந்தாள். போன கிழமை வதனி தைத்துக் கொடுத்த ரவிக்கைதான் போட்டிருந்தாள். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிச்சத் தூரத்தை வதனி நனைந்துகொண்டே நடந்தாள். வார்டுக்குள் நுழைந்தபோது தாயின் கட்டிலைத் திரை போட்டு மறைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஏறாவூர்க்காரி நபீஸா வதனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தா புள்ள. நான் ஒரு வாய் குடுத்துப் பாத்தன், வேணாமெண்டுட்டா. 'பாவம், என்ட மகளுக்கு இண்டைக்கும் பஸ் வந்திராது' எண்டா. அதுக்கு மறுகா பேசல்ல."

வதனி சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"ஓம்," என்றாள். "வரல்ல."