கூடப் போகிறவள்

பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோர இருக்கையை, விசாரணைக்குக் கூட்டிப்போகிறவளுக்குக் கொடுத்துவிட்டு, மிதுனா வெளிப்பக்கம் குந்திக்கொள்வாள். நிற்பவர்கள் எவரும் அந்தப் பிள்ளைமீது சரியாதபடி முழங்கையை நீட்டி வைத்துக்கொள்வாள். வெள்ளவத்தையிலிருந்து கம்பஸுக்கு முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

"வோர்டனுக்குச் சொல்லி, ஹெட்டுக்குச் சொல்லி, எழுதியும் குடுத்திட்டாள். இனி நானும் கேக்க வேணுமே?" என்பாள்.

தோள்பையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். அதில் முறைப்பாட்டின் மூன்று பிரதிகள். அலுவலகத்தில் ஒன்று கட்டாயம் தொலையும் என்பது அவளுடைய அனுபவம். கூடவே கடதாசிப் பையில் மீன் அடைத்த இரண்டு மாலுபாண். "அழுறதெண்டா அழு. வெறும் வயித்தோட அழாத."

முதலாம் வருடத்தில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் உஷாந்தி. விரிவுரையாளர் ஒருவர் தன்னைத் தொட்டார் என்று முறைப்பாடு கொடுத்தாள். விசாரணைக்குத் தனியாகத்தான் போனாள். ஐந்து பேருக்கு முன்னால் இரண்டு மணி நேரம். அன்றைக்கு என்ன உடுப்பு என்பதை மட்டும் மூன்று பேர் கேட்டார்களாம். அந்தக் கிழமையே வவுனியாவுக்கு ரயிலேறியவள் திரும்பி வரவில்லை.

"கூட வாறியோ எண்டு கேட்டவள்," என்று மிதுனா எப்போதாவது சொல்வாள். "எனக்கு அண்டைக்கு டியூட்டோரியல் கிளாஸ் இருந்தது."

அதற்குப் பிறகுதான் எல்லாம். நாற்பது மாணவர்கள் பதாகைகளோடு வாசலை மறித்தார்கள். நிர்வாகம் ஒரு குழுவை அமைத்தது. பரீட்சை வர நாற்பது பேர் ஏழு பேரானார்கள். இப்போது முறைப்பாட்டுக்காரிகளோடு கூடப் போவதற்கு மிதுனா ஒருத்திதான் மிச்சம். இரண்டு வருடத்தில் பதினொரு பேரோடு போய்விட்டாள். எட்டுப் பேர் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றார்கள், இருவர் படிப்பை விட்டார்கள். ஒரேயொரு முறைப்பாட்டுக்குத் தீர்ப்பு வந்தது: குற்றம் செய்தவரை வேறு பீடத்துக்கு மாற்றினார்கள். "அங்கயும் பெட்டையள்தானே படிக்கினம்," என்றாள் மிதுனா.

ஞாயிறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து தகப்பன் சிவபாதசுந்தரம் போன் எடுப்பார். "வகுப்பு வரவு காணாதெண்டு கடிதம் வந்திருக்கு. உன்னைப் படிக்கத்தானே பிள்ளை விட்டது?"

"ஓம் அப்பா," என்பாள்.

பன்னிரண்டாவது ஸீனத், தெமட்டகொடைப் பிள்ளை. புரொஜெக்ட்டைப் பார்க்கவேண்டும் என்று அறைக்குக் கூப்பிட்ட விரிவுரையாளர், கதவைச் சாத்திவிட்டு அவள்மீது கைவைத்தார். விசாரணைக்கு மூன்று முறை திகதி கொடுத்தார்கள். மூன்று முறையும் குழு கூடவில்லை. "லபன சதியே, நங்கி," என்று சிங்களத்தில் சொல்லி, அலுவலக லிகிதர் அடுத்த கிழமைக்குத் தள்ளிவிட்டார். இதற்கிடையில் விரிவுரையாளரின் ஆட்கள் ஸீனத்தின் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போனார்கள்.

நான்காம் தடவை ஸீனத் பஸ் தரிப்பிடத்துக்கு வரவில்லை. மிதுனா தனியே போய்ச் சேர்ந்தபோது, ஸீனத் தன் தமையன் ஜவாத்தோடு அலுவலக வாசலில் நின்றாள்.

"எனக்கு இனி ஏலா அக்கா. உம்மா ரெண்டு நாளா ஒண்ணும் தின்னல்ல. எனக்குக் கலியாணம் பேசி வெச்ச எடத்துக்கும் கதை போயிட்டு."

ஜவாத் கெட்டவனாகத் தெரியவில்லை. அவனும் தூங்கியிருக்கவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க தங்கச்சி. ஆனா நாங்க இந்த ஊர்லதானே இருக்கணும்."

நான்கு கிழமையாக அடுக்கி வைத்திருந்த நியாயங்கள் மிதுனாவின் தொண்டை வரைக்கும் வந்தன. ஸீனத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"சரியடா," என்றாள். "ஒண்டும் யோசிக்காத."

லிகிதர் கடிதத்தை ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார். எவருடைய வற்புறுத்தலும் இன்றி, சுயவிருப்பின் பேரில் முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன் என்றிருந்தது. ஸீனத் கையெழுத்திட்டாள். கீழே இரண்டு சாட்சிகளுக்கு இடம் விட்டிருந்தது. ஒன்றில் ஜவாத் ஒப்பம் வைத்தான். லிகிதர் பேனையை நீட்டியபடி சுற்றிலும் பார்த்தார். இன்னொரு ஆள் கிடைக்காவிட்டால் ஸீனத் நாளைக்கும் இந்த வாசலுக்கு வரவேண்டும்.

மிதுனா பேனையை வாங்கினாள். கடிதத்தை ஒருமுறை முழுதாக வாசித்தாள். பிறகு குனிந்து, தன் முழுப் பெயரையும் மாணவர் இலக்கத்தையும் எழுதி, கையெழுத்து வைத்தாள்.