அமைச்சர் எழுதாத பெயர்

பள்ளிக்கூடக் கதவில் தடை சொல்லும் கோர்கோர் இலை கட்டியிருக்கிறது என்று வெள்ளிக்கிழமை காலை போன் வந்தபோது, அமைச்சர் அலோய்ஸ் நாமிரோ, தீவு அரசாங்கம் நடக்கும் புக்கா நகரில் தன் அறையில் உட்கார்ந்து பேச்சு எழுதிக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கான வாழ்த்துப் பேச்சு அது. திங்கள்கிழமை காலை வானொலியில் வர வேண்டும்.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"நம்ம பள்ளிக்கூடம்தான் சார்," என்றார் தலைமையாசிரியர் கமிலஸ்.

"கட்டினது யாரு?"

கமிலஸ் பதில் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே அலோய்ஸுக்குப் புரிந்துவிட்டது. அவர் காதுபட யாரும் சொல்லக்கூடாத பெயர் இந்த உலகத்தில் ஒன்றுதான் உண்டு. நமக்கு அந்தத் தடை இல்லை என்பதால் சொல்லிவிடலாம்: ஸ்கொலாஸ்டிகா. அவருடைய அக்கா.

எங்கள் ஊர் வழக்கப்படி, வயதுக்கு வந்த தம்பி அக்காவின் வீட்டுப் படி ஏறமாட்டான். நேருக்கு நேர் பேசமாட்டான். அவள் பெயரைச் சொல்லவும் மாட்டான், எழுதவும் மாட்டான். ஏதாவது சேதி இருந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். நிலமோ அம்மாவிடமிருந்து மகளுக்குப் போவது. ஆண்பிள்ளைகள் அதில் தோட்டம் போடலாம், கூட்டத்தில் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், செத்தால் அதில் படுக்கலாம். ஆனால் மண் அவளுடையது. அவள் கதவில் ஓர் இலையைக் கட்டினால், அவள் கையால் அவிழ்க்கும்வரை உள்ளே போக யாருக்கும் கால் வராது.

அலோய்ஸுக்கு எழுத்தறிவித்தவளே அவள்தான். சண்டைக் காலத்தில் தீவில் பள்ளிக்கூடமெல்லாம் மூடிக் கிடந்தபோது அவருக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினொன்று. ஐந்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றிருந்தது. காட்டு முகாமில் பாக்குமரப் பாளையை விரித்து அடுப்புக்கரியால் எழுதிக் காட்டுவாள். அவளிடம் இருந்த ஒரே பாடம் அவள் பெயர்தான். கன்னியாஸ்திரீகள் வைத்த அந்த நீளப் பெயரில் பாதி எழுத்துகள் வந்துவிடும். அதை நூறு தடவை எழுதித்தான் அலோய்ஸ் எழுதப் படிக்கக் கற்றார். அப்போது பையன், தடையில்லை. அப்புறம் ஆசிரியர் வேலை, தேர்தல், புக்காவில் ஒரு மேசை, அந்த மேசைமேல் கல்வி, பொருளாதார வளர்ச்சி என்று இரண்டு துறை. அமைச்சரான பிறகும் ஆறு வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கித்தான் கடந்தார்.

அக்காவின் மண்ணில் நிற்கும் ஊர்ப் பள்ளிக்கு நாலு வகுப்பறை கட்டியது அவருடைய முதல் வேலை. கோக்கோ மூட்டைகளை லாரியில் ஏற்றச் சாலை போட்டது இரண்டாவது. வம்பு அந்தச் சாலையில்தான் பிடித்தது. விண்ணப்பப் படிவத்தில் 'நில உரிமையாளர் பெயர்' என்று ஒரு கட்டம். அதில் அக்காவின் பெயரைத் தம்பி எப்படி எழுதுவார்? தாய்மாமன் தொய்னாவின் பெயரை எழுதினார், கிழவரும் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார். மெஷின் வந்தது. தொய்னா கைகாட்டிய திசையில் போய், அம்மா நட்டு வைத்த ஒன்பது கலிப் கொட்டை மரங்களையும் ஒரே பகலில் சாய்த்துவிட்டுப் போனது. எங்கள் பக்கம் எல்லைக்கல் கிடையாது. மரம்தான் எல்லை, மரம்தான் பத்திரம்.

ஒரு மாதம் ஸ்கொலாஸ்டிகா வாய் திறக்கவில்லை. பிறகு இலையைக் கட்டிவிட்டாள்.

அலோய்ஸ் பேச்சை எழுத்தரிடம் கொடுத்துவிட்டு லாரி ஏறினார். ஊர் சேர்ந்தபோது சனிக்கிழமை மதியம். தூண்கள்மேல் நிற்கும் அக்கா வீட்டுக்கு அடியில், பெஞ்சில் உட்கார்ந்து அவள் கணவன் கொர்னேல் பாக்கு உரித்துக்கொண்டிருந்தான். பத்தடி தள்ளி அடுக்களைக் குடிசை. உள்ளே சேப்பங்கிழங்கு சீவும் சத்தம் கேட்டது.

"வாங்க மச்சான், உக்காருங்க. இன்னிக்கு நான்தான் தபால்காரன்."

அலோய்ஸ் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அக்காவை அவள் மகள் பெயரை வைத்துத்தான் குறிப்பிட முடியும். "லியோனியோட அம்மாகிட்ட சொல்லுங்க மச்சான். திங்கக்கிழமை பரீட்சை. ஒரே ஒரு நாள் அந்த இலைய அவுத்தாப் போதும். அப்புறம் வேணும்னா திரும்பக் கட்டிக்கட்டும்."

கொர்னேல் அடுக்களைப் பக்கம் திரும்பினான். "கேட்டுச்சா?"

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மெஷினும் ஒரே ஒரு நாள்தான் வந்துச்சு. மரமெல்லாம் திரும்ப எழுந்து நிக்குமான்னு உங்க மச்சானைக் கேளுங்க."

"மச்சான், மரம் திரும்ப நிக்குமான்னு கேக்குறா."

"கேட்டுச்சு."

"கேட்டாலும் நான் சொல்லணும்ல. ஒரு வேலைய எடுத்தா ஒழுங்காச் செய்யணும்."

அலோய்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "பேப்பரைத் திருத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்லுங்க. கமிட்டி கூடணும். ரெண்டு மாசம் ஆகும்."

"அப்ப ரெண்டு மாசம் கழிச்சு இலைய அவுக்குறேன்னு சொல்லுங்க."

"லியோனியும்தானே எழுதணும்? அது நம்ம பிள்ளையில்லையா?"

சீவும் சத்தம் நின்றது. "அவ வயசுல எனக்கும் பள்ளிக்கூடம் சாத்தித்தான் கெடந்துச்சு. எனக்காக யாரும் வந்து ஒரே ஒரு நாள் தொறங்கன்னு கேக்கல." பிறகு குரல் இறங்கி வந்தது. "பேரை எழுதக் கூடாதுதான். அந்த மரியாதை எனக்கும் தெரியும். கட்டத்தை வெறுமனே விட்டிருந்தா, தம்பி மரியாதைக்கு விட்டிருக்குன்னு நெனச்சிருப்பேன். அதுல வேற ஆள் பேரை ஏன் எழுதினாருன்னு கேளுங்க."

தபால்காரன் இந்தச் சேதியைத் திருப்பிச் சொல்லவில்லை. பாக்கைச் சுண்ணாம்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

அலோய்ஸ் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டத்தை வெறுமனே விட்டால் படிவம் திரும்பி வரும், மெஷின் வேறு வட்டாரத்துக்குப் போய்விடும். அது மட்டுமில்லை. எழுத்தர் அன்றைக்கே கேட்டான்: "அக்கா பேரை நீங்க சொல்ல வேணாம் சார். வீட்டம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டு நானே எழுதிடறேன்." நேரமில்லை என்று இவர்தான் தட்டிக் கழித்தார். மரியாதை, மரியாதை என்று இத்தனை நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதெல்லாம் வெறும் அவசரம்தான். இதை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. பத்தடி தூரத்தில் கிழங்கு சீவுகிறவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாமா தொய்னாவைப் பிடித்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா."

"நான் என்னத்தைச் சொல்ல? மரம் எங்க நின்னுச்சுன்னே எனக்குச் சரியாத் தெரியாது. நீ போடுன்னே, போட்டேன்," என்று கிழவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

வேறு இடத்தில் தேர்வை நடத்தவும் வழியில்லை. அது கடல் தாண்டி இருக்கும் நாட்டுத் தலைநகர் மொரெஸ்பியின் தேர்வு, பதிவான பள்ளியில்தான் எழுத வேண்டும். தேர்வு தலைநகரத்தினுடையது, மண் பெண்களுடையது. யோசித்துப் பார்த்தால் அந்தச் சாலை ஒன்றுதான் அமைச்சருடையது. கல்வி அமைச்சர் என்று பெயர், ஒரு கதவைத் திறக்க வக்கில்லை.

திங்கள்கிழமை எட்டு மணிக்கே இருபத்தேழு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். நீலச் சட்டை, கையில் சீவிய பென்சில். கதவுக்குக் குறுக்கே வாடத் தொடங்கிய ஒரு பச்சைத் தண்டு, அவ்வளவுதான். ஒரு விரலால் தூக்கிவிடலாம். லியோனி வரிசையில் மூன்றாவதாக நின்றாள். மாமாவைப் பார்த்தாள், பிறகு இலையைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அலோய்ஸுக்குத் தோன்றியது.

ஒன்பது அடித்தது. முத்திரை உடைக்காத வினாத்தாள் உறையைக் கமிலஸ் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு வானொலியில் அமைச்சரின் வாழ்த்துப் பேச்சு தொடங்கியது. அவர் சார்பில் எழுத்தர் வாசித்தான். நன்றாகவே வாசித்தான். பாதியில் யாரோ அணைத்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்குத் தேர்வு நேரம் முடிந்தது. பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். கமிலஸ் ஒரு படிவத்தை எடுத்துவந்தார்.

"இதை இன்னிக்கே அனுப்பணும் சார். அனுப்பினாத்தான் மறுதேர்வு கேக்க முடியும். குடுக்குறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்."

பள்ளியின் பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை, காரணம் என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் நின்றார். 'தேர்வைத் தடுத்தவர் பெயர்.'

"நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க சார்."

அலோய்ஸ் திரும்பி நின்றுகொண்டார். பேனா தாளில் கீறும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நீளமான பெயர்.

"இங்க நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

கையெழுத்துப் போடக் குனிந்தால் அந்தப் பெயர் கண்ணில் படாமல் இருக்குமா? முப்பத்துச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகு அதை எழுத்தில் பார்த்தார். பாளையில் கரியால் எழுதிய அதே எழுத்துகள். அரசாங்கக் காகிதத்தில் அவள் பெயர் ஏறுவது இதுதான் முதல் தடவை.

"வேற ஃபாரம் இருக்கா?"

"எதுக்கு சார்?"

"நில உரிமையாளர்னு கட்டம் இருக்குற மாதிரி."

"இந்த ஒண்ணுதான் குடுத்திருக்காங்க."

இருபத்தேழு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலோய்ஸ் கையெழுத்துப் போட்டார். போடாமல் இருக்கவும் அவருக்கு வழியில்லை.

பள்ளி மைதானத்தின் ஓரத்தில், மாமரத்தடியில் காலையிலிருந்து முதுகைக் காட்டியபடி ஸ்கொலாஸ்டிகா நின்றிருந்தாள். இப்போது பாதி திரும்பி, கணவனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்னமோ எழுதுறாங்களே, என்னது?"

கொர்னேல் வந்து படிவத்தை எட்டிப் பார்த்தான். அவனுக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். மனைவியின் பெயர் மட்டும் தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தான்.

"உன் பேரை எழுதியிருக்காங்க. அமைச்சரு கையெழுத்தும் இருக்கு."

அவள் முழுதாகத் திரும்பினாள். கதவை நோக்கி நாலைந்து எட்டு வேகமாக வைத்தாள், கை இலைக்காக நீண்டே விட்டது. லியோனி எழுந்து நின்றாள். அப்புறம் ஸ்கொலாஸ்டிகாவின் நடை மெதுவாகி நின்றது.

"எந்தக் கட்டத்துல?"

கொர்னேல் படிவத்தை மறுபடி பார்த்தான், கமிலஸைப் பார்த்தான், கடைசியில் அலோய்ஸிடம் திரும்பினான்.

"மச்சான், எந்தக் கட்டத்துலன்னு கேக்குறா."

"கேட்டுச்சு," என்றார் அலோய்ஸ்.